செத்த பிறகு கையெழுத்துக் கற்றுக்கொண்ட 412ஆம் எண் வாக்காளர்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
ரொட்டிக்கடைச் சந்து, கடைசி வீடு, மாடி.
(பெயர் எழுதவில்லை. அதன் முன்னெழுத்து என் தகப்பனாருடையது. அவர் எனக்குத் தகப்பனார் இல்லை என்று தங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்துவிட்டது.)

பெறுநர்
வாக்காளர் பதிவு அதிகாரி அவர்கள்,
பழைய பட்டியல் சரிபார்ப்புப் பிரிவு, இரண்டாம் தளம்.

பொருள்: உயிரோடிருந்த என் தந்தையைப் பட்டியலில் அடித்துவிட்டு, இறந்துபோன தாத்தாவை விட்டுவைத்தது – அதை வைத்து என் தாயாரை இழிவுபடுத்தி எழுதிய குறிப்பை நீக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மூன்றாம் எண் கவுண்டர் எழுத்தர் என் விண்ணப்பத்தின் பின்புறம் சிவப்பு மையில் எழுதிய இரண்டு வரிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

மரியாதை எழுத்தில் இருக்கும். மனத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். இது என் நான்காவது மனு.

1. பழைய வாக்காளர் பட்டியலில் தாய் தந்தையரைக் காட்டி வம்சச் சான்று வாங்காதவர்களின் பெயர் புதிய பட்டியலில் இராது என்று தங்கள் அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். அதன்படி எண்பத்தாறு வயதான என் தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி ஏறினார்.

2. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் எங்கள் வீட்டில் மூன்று பேர். 412 என் தாத்தா, வயது எழுபது. 413 என் தந்தை, ரொட்டி அடுப்பில் வேலை, வயது முப்பத்து மூன்று. 414 என் தாயார். அந்த ஆண்டு தாத்தா இறந்தார். பெயரை நீக்க வந்தவர் அளவுகோலை ஒரு வரி கீழே வைத்துக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். செத்தவர் பிழைத்தார், பிழைத்திருந்தவர் செத்தார். நான் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

3. இதைப் பார்த்த எழுத்தர், "அப்பா செத்து ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்திருக்கீங்களே, அது எப்படிம்மா?" என்று கேட்டார். எனக்கு முப்பத்து மூன்று வயதானபோதுதான் என் தந்தை இறந்தார் என்பதற்கான சான்றிதழை நீட்டினேன். "ஒரு ஆளு எத்தன தடவதான் சாவாரு?" என்றார். பிறகு "மனுதாரர் 413இன் மகள் அல்ல. தந்தை வேறு நபராக இருக்கலாம்" என்று எழுதி, வரிசைக்கே கேட்கும்படி வாசித்து, தாளை என் தாயாரின் கையில் கொடுத்தார். பின்னால் இருவர் சிரித்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு கூட்ட நெரிசலில் டிக்கெட் கிழித்தவள் நான். எவனுக்கு எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் தாயார் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்ததால் தங்கள் எழுத்தர் அன்று முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்.

4. அதன்பின் பதினோரு நாள் தங்கள் ஆவண அறையில் தூசி தின்றேன். வாக்குச்சாவடிப் பதிவேடுகளைப் புரட்டினேன். ஓட்டுப் போட்டவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் புத்தகங்கள் அவை. என் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தேர்தலிலும் கைநாட்டு. இறந்த பிறகு நடந்த ஏழு தேர்தலிலும் அதே 412ஆம் எண்ணுக்கு நேராக அழகான கையெழுத்து. செத்த பிறகு என் தாத்தா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் போலும். தங்கள் பட்டியலில் அவருக்கு நூற்றைந்து வயது வரை ஆனது. ஒருவரும் சந்தேகப்படவில்லை.

5. அந்தக் கையெழுத்து என் தந்தையுடையது. என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அதே வளைவு, அதே கடைசிச் சுழி இருக்கிறது. இணைத்திருக்கிறேன். கணக்கில் நான் வாங்கிய பதினெட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஆம் ஐயா, என் தந்தை இன்னொருவர் பெயரில் ஓட்டுப் போட்டார். குற்றம்தான். ஆனால் சொல்லிக்கொடுத்தது யார்? கோடு போட்ட பிறகு வந்த முதல் தேர்தலில் தங்கள் வாக்குச்சாவடி அதிகாரி, "உங்க பேரு அடிச்சிருக்கு, உங்கப்பா பேரு இருக்கு. அதுலயே போட்டுட்டுப் போங்க, பின்னாடி வரிசை நிக்குது" என்றாராம். கூடவே நின்ற என் தாயார் இன்றும் வார்த்தை மாறாமல் சொல்கிறார். திருத்தச் சொல்லி என் தந்தை ஒன்பது மனு கொடுத்தார். அவற்றையும் அதே அறையில்தான் கண்டெடுத்தேன். கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. வழக்குப் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். கல்லறை எண் தருகிறேன், சம்மனை அங்கே அனுப்புங்கள்.

7. என் பெயர் பட்டியலில் இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். என் ஆத்திரம் அதற்கில்லை. அந்தத் தாளைப் படித்த நாளிலிருந்து என் தாயார் வாசல் கதவைத் திறப்பதில்லை. முப்பத்தைந்து வருடம் புருஷன் பக்கத்தில் படுத்துறங்கியவரைத் தங்கள் பட்டியல் அத்தனை வருடமும் விதவை என்று எழுதியது; இப்போது அதற்கும் கீழே ஒன்றை எழுதிவிட்டது. நேற்று என்னிடம், "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி. நான் சாகுறதுக்குள்ள 414க்கு மேல அவரு உயிரோட இருக்கணும்" என்றார்.

8. ஆகவே 413 மேல் போட்ட கோட்டைத் தவறு என்று எழுதி ஒப்பமிட வேண்டும். சிவப்பு மை வரிகளை அதே எழுத்தர், அதே சிவப்பு மையால் அடிக்க வேண்டும். அடித்தாயிற்று என்பதை மூன்றாம் எண் கவுண்டரில், வரிசைக்குக் கேட்கும்படி, அன்று வாசித்த அதே குரலில் வாசிக்க வேண்டும். என் தாயாருக்கு அப்போது ஒரு நாற்காலி போட வேண்டும். லிஃப்ட் ஓடாவிட்டால் அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி வர இரண்டு பேரை அனுப்ப வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு திங்களும் வருவேன். நின்றே சம்பாதித்தவள் நான். தங்கள் வரிசை என்னைக் களைப்படையச் செய்யாது.

நாள்: நான்காவது திங்கட்கிழமை
இடம்: தங்கள் அறை வாசல், உடைந்த பெஞ்சு

இப்படிக்கு,
413ஆம் எண் வாக்காளரின் மகள்

(கையெழுத்தை முன்னெழுத்தோடுதான் போட்டிருக்கிறேன். துணிவிருந்தால் அதன் மேலும் ஒரு கோடு போடுங்கள்.)