கண்ணுக்குக் கீழே பற்பசை

குவாசொன்,
நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மர்வா அக்காவுக்கு,

அன்று தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டது இது: உங்கள் அரசு வாங்கும் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் எங்கள் கொரியாவிலிருந்து வருகின்றன. அந்த ஏற்றுமதிக்கு அனுமதி கொடுப்பது எங்கள் அலுவலகம். விண்ணப்பத்தைச் சுருக்கி எழுதி மேலே அனுப்பியவள் நான்.

"அங்கேர்ந்து எனக்கு ஏதாவது அனுப்புவியா, இல்ல வேலை கிடைச்சதும் அக்காவ மறந்துட்டியா?" என்று கேட்டீர்கள். முகத்துக்குப் பூச ஏதாவது அனுப்புகிறேன் என்றேன். அரசை எதிர்த்து வெள்ளிதோறும் நடக்கும் ஊர்வலத்துக்கு அழகாகப் போகலாம் என்று சிரித்தீர்கள். மறுநாளே உங்கள் ஊரில் தொலைபேசியும் இணையமும் நின்றுவிட்டன. அஞ்சல் மட்டும் போகிறது என்கிறார்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் இங்கே படிக்க வந்தபோது நாம் தங்கியிருந்த சின்சோன் விடுதியை இடித்துவிட்டார்கள். அம்மா நலம். கிம்ச்சி ஊறுகாய் போட உட்கார்ந்தால் உங்கள் பேச்சுதான். மிளகாய் விழுதை இலை இலையாகப் பூச அந்தப் பெண்ணுக்கு இருந்த பொறுமை உனக்கு இல்லை என்று என்னைத் திட்டுகிறார்.

அம்மாவிடம்தான் யோசனை கேட்டேன். எண்பத்தேழில் அவர் மாணவி. சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர். புகைக்கு என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"கண்ணுக்குக் கீழ பேஸ்ட்டைக் கெட்டியாப் பூசிக்கணும். நாங்க எல்லாம் அப்படித்தான்டி போனோம். நாங்க வந்தா தெருவே புதினா வாசம் அடிக்கும்."

அவர் காலத்து ஆட்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். நானும் நம்பினேன். ஒரு பெட்டி நிறையப் பற்பசை வாங்கி, மேலே நான்கு முகப்பூச்சுகளை வைத்து மூடி உங்களுக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு சீட்டு இருக்கும்: கண்ணுக்குக் கீழே கெட்டியாகப் பூசுங்கள், தோழிகளுக்கும் கொடுங்கள்.

எங்கள் விதிமுறைகள் ஒழுங்கானவை. வாங்கும் நாடு எதிரியா, தடைப்பட்டியலில் இருக்கிறதா, வேறு யாருக்காவது கைமாற்றுமா என்றெல்லாம் கேட்கின்றன. எந்தத் தெருவில் வெடிக்கும் என்று கேட்பதில்லை. மதிய உணவின்போது, அம்மாவின் கதையையும் சொல்லி, அதை நான் கேட்டேன். பிரிவுத் தலைவர் குவாக் கெட்டவர் அல்ல. என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"கட்டாய ராணுவச் சேவையில என்னைக் கலகத் தடுப்புப் படையில போட்டாங்க. உங்கம்மா மாதிரி ஆளுங்க மேல இதை வீசினவனே நான்தான். கொஞ்ச நேரம் அழுவாங்க, வீட்டுக்குப் போவாங்க. நாம குடுக்கலைன்னா வேற நாடு குடுக்கும்."

எண்பத்தேழில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்த மாணவனை எங்களில் அறியாதவர் இல்லை. குவாக்கும் தன் சூப்பை முடிக்கவில்லை.

நேற்று எங்கள் தொழில்நுட்ப ஆய்வாளர் பியோவிடம் பற்பசையைப் பற்றி விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். "அது எதையும் தடுக்காதும்மா. புகையில இருக்கற பொடி அதுல ஒட்டிக்கும். வேர்த்தா அப்படியே கண்ணுக்குள்ள இறங்கும். இப்ப போறது அந்தக் காலத்துச் சரக்கும் இல்ல."

அக்கா, தயவுசெய்து அதைப் பூச வேண்டாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பல் துலக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் எடுத்துப் போங்கள். காற்று எதிரே வீசினால் விலகி நில்லுங்கள். முட்டுச் சந்துக்குள் ஓடாதீர்கள். போகவே வேண்டாம் என்று எழுதி அடித்துவிட்டேன். அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

அடுத்த விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. இந்த முறை சுருக்கத்தின் கீழே என் மறுப்பையும் எழுதினேன். அதை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார் குவாக். இன்னும் அனுப்பவில்லை.

கிம்ச்சி பூசிய உங்கள் கைகளும், விடிய விடியப் படித்த உங்கள் கண்களும் நன்றாக இருக்கட்டும். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சேவொன்

பின்குறிப்பு: உறையின்மேல் இதை டிசம்பரில் எழுதுகிறேன். அந்த நாட்டுக்கு அஞ்சல் நிறுத்தப்பட்டது என்ற முத்திரையோடு கடிதம் திரும்பி வந்துவிட்டது. பெட்டி முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அஞ்சலகப் பதிவு காட்டுகிறது. ஒரு வியாழக்கிழமை மாலை, ஊர்வலத்துக்கு முந்தைய நாள், மர்வா அக்காவே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.