பன்னிரண்டு பிட்

வெள்ளிக்கிழமை

தினேஷ் அண்ணனின் லேப்டாப்பில், அவருடைய செஸ் புரோகிராமில், ஒவ்வொரு நகர்வும் பூஜ்ஜியமும் ஒன்றுமாகப் பதினாறு பிட்டில் இருந்தது. டீ கொண்டுபோனபோது பார்த்தேன். நான் நிற்பது தெரிந்ததும் மூடிவிட்டார்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது பன்னிரண்டு. காய் கிளம்பும் கட்டத்துக்கு ஆறு பிட், சேரும் கட்டத்துக்கு ஆறு. "அவ்ளோதான் பாப்பா, மேல வெச்சா ஸ்லோ ஆயிடும்" என்றார். நம்பினேன். ஆனால் கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணியாக வேண்டுமா, குதிரையாக வேண்டுமா என்று குறிக்க அதில் இடமே இல்லை. என் செஸ் புரோகிராம் எப்போதும் ராணியைத்தான் எடுக்கிறது. எப்போதாவது குதிரைதான் ஆட்டத்தைக் காப்பாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை என் புரோகிராமும் அண்ணனுடையதும் மோதுகின்றன. "ஜெயிச்சா திருப்பதியில கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேக்கறேன். தோத்தா வாய மூடிக்கினு தறிக்கு வரணும்" என்று நைனா சொல்லியிருக்கிறார். எட்டாவதோடு நின்ற எனக்கு வேறு யார் இப்படிச் சொல்லப்போகிறார்கள்?

அண்ணன் பெரியப்பா மகன்தான். வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாரா? எனக்குச் சொன்ன பிறகு அவரே காலேஜில் புதிதாகக் கற்றிருக்கலாம். அப்படியென்றால் ஏன் மூடினார்?

சாப்பிடும்போது கேட்டார்: "இன்னா பாப்பா, ஒண்ணும் மாத்தலியே? பன்னெண்டுதானே?"

"ம்."

"வாய தெறந்து சொல்லேன். இவளுக்கு பேச்சுக்கும் ரெண்டு பிட்டுதான்!"

நைனா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, என் நகர்வுக்கு நான்கு பிட் சேர்த்தேன். அதில் முதலில் குதிரையை எழுதினேன்.