டிரம் இல்லாத கேசட்

மஸ்கட், 12.6.1984

அன்புள்ள அம்மாவுக்கு மகன் மரியசுந்தரத்தின் தோத்திரம். நான் சுகம். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா?

தம்பி பிலவேந்திரனின் கோயில் பாட்டுக் குழுவின் இரண்டாவது கேசட் வந்து சேர்ந்தது. முதல் கேசட்டில் அவன் அடித்த டிரம்முக்கு எங்கள் அறையே ஆடியது. அதனால் இதற்கும் எல்லாரும் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். டிரம் வரவே இல்லை.

“இன்னாடா இது, எழவு வூடு மாதிரி இருக்குது” என்று எங்கள் அறையில் இருக்கும் பாகூர் கண்ணையன் எழுந்து போனான்.

“தவக்காலத்துல பாடி எடுத்திருக்காங்க, ஏசு பாடுபட்டத நெனைக்கிற துக்க நாளு. ஈஸ்டர் வரைக்கும் எங்க ஊர்ல டிரம்மத் தொடமாட்டாங்கபா” என்றேன். பாதிப் பேருக்குக் கோபம். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

கை சும்மா இருந்ததால் தம்பியே பாடியிருக்கிறான். மகனுக்காக அழும் வியாகுல மாதா பாட்டை அவன் எடுத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தும் அவனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. எழுந்து போன கண்ணையனும் வாசலிலேயே நின்று கேட்டான்.

ஊருக்கு வந்திருக்கும் தாமஸ் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பாட்டெல்லாம் முடிந்த பிறகும் நாடா கொஞ்ச நேரம் வெறுமனே ஓடியது. நீங்கள் ஏதாவது பேசியிருப்பீர்களோ என்று கடைசிவரை நிறுத்தாமல் கேட்டேன்.

மரியசுந்தரம்