உள்ளே ஒன்றரை, வெளியே இரண்டு

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவர் அறையில் இருந்தவர்கள்: மருத்துவர், செவிலி, என் கணவர், நான், எங்களுக்கு அடுத்துப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த தையல்காரர், அவர் மனைவி. ஆறு பேர். தையல்காரருக்கும் இவருக்கும் ஒரே இடத்தில் கட்டி, ஒரே மருந்து, ஒரே நாள். இன்று இருவருக்கும் முதல் முறை ஏறியது. அடுத்தது 24ஆம் தேதி.

மருத்துவர் சொன்னார்: "கட்டியைக் கரைக்கிற மருந்து கிட்னியையும் ஒரு கை பார்த்துடும்மா. தினம் மூணு லிட்டர் தண்ணி உள்ள போகணும். ரெண்டு லிட்டராவது வெளிய வரணும். அளந்து எழுதுங்க."

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் எழுதுகிறவள். அளந்து எழுதுவது எனக்குப் புதிதா என்ன?

மார்ச் 5

தண்ணீரைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறார். உள்ளே 1400 மில்லி. வெளியே, சிறுநீர், 900. சமையலறையில் அழுதேன். பார்த்துவிட்டார்.

மார்ச் 6

ஒரு மருத்துவ இதழில் படித்தேன். இதே மருந்து கொடுத்த எலிகளுக்கு ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்களாம். சிறுநீரகம் அவ்வளவாகக் கெடவில்லையாம். கொழுப்பு என்றாலே கெடுதல் என்றல்லவா நினைத்திருந்தேன். மருத்துவரைக் கேட்கலாமா? வேண்டாம் என்றுவிட்டால்? — கேட்கவில்லை.

காலை ஓட்ஸில் இரண்டு ஸ்பூன் விட்டேன். "வண்டிக்கு ஆயில் மாத்துறியா?" என்றார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

மார்ச் 8

உள்ளே 1500. வெளியே 2000. அளக்கிற ஜாடியில் சிறுநீர் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவு. ஆண்டவனே, கேட்டுவிட்டாய்.

மார்ச் 11

உள்ளே 1500. வெளியே 2050. கணக்கு இடிக்கிறது. குடித்ததைவிட வந்தது எப்படி அதிகம்? உடம்பில் தேங்கியதை எண்ணெய் இறக்குகிறதோ? ஆண்டவன் அள்ளிக் கொடுக்கும்போது நான் அளவுகோலை நீட்டுவதா? நீட்டவில்லை.

மார்ச் 13

தையல்காரர் மனைவி தொலைபேசியில். "தண்ணி ஒரு மடக்குக்கு மேல இறங்கலக்கா. பச்சப்புள்ள மாதிரி வாயை மூடிக்கிறார்."

எண்ணெயைப் பற்றிச் சொல்லி, நோட்டை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப எண்ணெய் போதுமாக்கா?"

"போதும் தங்கச்சி. தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க. என் கணக்கு பொய் சொல்லாது."

மார்ச் 17

இவர் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

மார்ச் 19

ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் போன மாதம் 0.9. இன்று 2.4.

மருத்துவர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "குடிச்சதுக்கு மேல வந்திருக்கே. எப்படிம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "நான்தான் டாக்டர் குழாயைத் திறந்து ஜாடியில ஊத்தினேன். இவ அழறதைப் பார்க்க முடியல. கோடு ஏறினா இவ முகம் தெளிஞ்சுது."

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்கும்னு இன்னும் உறுதியாகலம்மா. நாளைக்கே உறுதியானாலும், தண்ணியை விட்டுட்டு எண்ணெய் இல்ல."

24ஆம் தேதி மருந்து கிடையாது. இவரை இங்கேயே சேர்த்து நரம்பில் நீர் ஏற்றுகிறார்கள். சிறுநீர் இறங்குவதற்குக் கட்டிலில் மாட்டிய பை நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடியில் கொஞ்சம், கறுத்த மஞ்சளாக.

இவரை என்ன சொல்ல? ஊற்றியது இவர். இடிக்கிறது என்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டது யார்? மூடிக்கொண்டு இன்னொருத்திக்கும் வாசித்துக் காட்டியது யார்?

மார்ச் 20

தையல்காரர் வீட்டுக்கு ஐந்து முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்கிறது. பிறகு இந்தச் செய்தியை அனுப்பினேன். அனுப்பியது அனுப்பியபடி:

தங்கச்சி, நான் சொன்னது தப்பு. என் நோட்டில் இருந்தது குழாய்த் தண்ணீர். எண்ணெயை நம்பி இருக்க வேண்டாம். அவரை இப்போதே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். கால் வீங்கியிருக்கிறதா? நேற்றிலிருந்து சிறுநீர் எவ்வளவு போனார்? சீக்கிரம் பதில் போடுங்கள்.