நாய் படுத்த இடத்தில் உன் வெற்றிலைக்கொடி

வெற்றிலை வாயோடு என்னை ஏசி வளர்த்த அக்காச்சிக்கு,

நீ போய்ப் பத்து மாதம் முடிந்துவிட்டது. உன் முள்ளியவளை வீட்டு வளவில் உன் மருமகன் கஜன் செய்திருக்கும் கூத்தை யாராவது உனக்குச் சொல்லத்தானே வேண்டும்? கேட்டால் எழும்பி வந்து ஏசத் தோன்றும். அதற்கு வழியில்லாததால் உனக்கும் சேர்த்து நானே ஏசிவிட்டேன்.

முதல் வேலையாக, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வரும் பக்கத்துக் கிளுவை வேலியை வெட்டி எறிந்தான். அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு மதில். கிணற்றைச் சுற்றிச் சீமெந்து. நீ குளித்த தண்ணீர் கமுகடிக்கு ஓடுமே, அந்த வாய்க்காலை மூடிவிட்டுக் குழாய் வைத்து வெளியே தெரு ஒழுங்கைக்கு விட்டிருக்கிறான்.

"இப்பதான் மாமா வளவு வளவு மாதிரி இருக்கு" என்றான். எனக்கு பஸ் நிலையம் மாதிரி இருந்தது.

சோளகம் தொடங்கியதும் கமுகில் ஏறியிருந்த உன் வெற்றிலைக்கொடி விளிம்பு விளிம்பாகக் கருகத் தொடங்கியது. அந்த மேதை உரம் போட்டான். இன்னும் கருகியது. பச்சை வலையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினான். உள்ளே கையை விட்டால் பிட்டு அவிக்கிற பானைக்குள் விட்டது போலிருந்தது. அதற்குப் பிறகும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

"பாருங்கோ மாமா, முப்பத்திமூண்டு டிகிரிதான் காட்டுது. போன வருசமும் இதே வெக்கைதானே?"

"அது முல்லைத்தீவின்ர வெக்கையடா. உன்ர மதிலடி வெக்கையைக் காட்டச் சொல்லு பாப்பம்."

"கொடி பட்டுப்போனால் என்ன மாமா, திவசத்துக்குச் சந்தையில வெத்திலை வாங்கலாம்தானே."

உன் படத்துக்கு முன்னால் சந்தை வெற்றிலை! நான் வாய் திறக்க முன்னமே உன் மகள் சுபா குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். "அம்மான்ர கொடியில ஒரு இலையாவது வேணும் மாமா. கடையில வாங்கி வைக்க நான் விடமாட்டன்." அவளுடைய கண்ணைப் பார்த்த பிறகுதான் நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

நான் படித்தவனில்லை, உனக்குத் தெரியும். மீள்குடியேறி வந்த நாளில் சைக்கிளில் ஆணியும் கம்பியும் கட்டித் திரிந்து விற்று, பிறகு சீமெந்தும் கல்லும் விற்கும் கடை போட்டவன். ஆனால் சரக்கு எந்த மூலையில் பழுதாகும் என்று பார்க்காமல் ஒரு மூட்டை இறக்க மாட்டேன். ஒரே கடைக்குள் ஒரு சுவரோடு வைத்த சீமெந்து கல்லாகிறது, எதிர்ச் சுவரோடு வைத்தது மாவாகவே இருக்கிறது. வளவு மட்டும் எல்லா இடமும் ஒன்றாகவா இருக்கும்?

எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்க்க மூன்று சாக்கை நனைத்தேன். ஒன்றை மதிலடியிலும் ஒன்றைப் பிலாமரத்தின் கீழும் மற்றதைக் குசினிக்குப் பின்னாலும் தொங்கவிட்டேன். மதிலடிச் சாக்கு மத்தியானத்துக்கு முன்னமே அப்பளம் போல விறைத்துவிட்டது. பொழுது சாய்ந்த பிறகும் மதில் சுட்டது. மதில் காற்றை மறிக்கும் என்று நினைத்தோம். காற்றோ மதிலின் மேலால் பாய்ந்து, இந்தப் பக்கம் கொடியின் தலையில் விழுந்து புரள்கிறது. உன் கிளுவை வேலி சல்லடை போலக் காற்றை அரித்து மெல்லமாய் உள்ளே விட்டதை நாங்கள் யாராவது கவனித்தோமா?

குசினிக்குப் பின்னால் தொங்கிய சாக்கு மட்டும் பின்னேரமும் ஈரம். அதன் கீழே உன் நாய் வீமன் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். முன்பெல்லாம் கமுகடியை விட்டு அசையாதவன்!

"மதில் எழும்பின கிழமையே அங்க போயிட்டுது மாமா" என்றாள் சுபா. நாய்க்குத் தெரிந்தது போனுக்குத் தெரியவில்லை. கஜனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உன்னிடம் மறைத்து என்ன, அக்கா. அந்த மதில் என் கடைக் கல். "இன்னும் ரெண்டு வரி ஏத்தடா, மாடு பாயாது" என்று ஆலோசனை சொன்ன பெரியவரும் நானேதான். கஜனாவது தெரியாமல் செய்தான். அடுக்கி வைத்த கல் எப்படிச் சுடும் என்று கடை முற்றத்தில் நாள்தோறும் கண்டவன் நான். என்னை ஏச நீதான் வேண்டும்.

பச்சை மிஞ்சியிருந்த கொடியில் கணுப் பார்த்து ஒரு துண்டு வெட்டினேன். குசினிக்குப் பின்னால் சுபா அரிசி கழுவி ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கஜனைக் கொண்டே குழி வெட்டுவித்து அதை நட்டேன். வீமனை அந்த இடத்திலிருந்து எழுப்பியபோது அவன் கஜனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் மனதுக்குள் வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. இப்போது வாற போற ஆக்களுக்கெல்லாம், "நான்தான் இடம் மாத்தி வச்சனான்" என்று கஜன் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். இரண்டு இலை விரிந்திருக்கிறது.

அடுத்த சோளகத்துக்கு முன் மதிலின் நடு வரிகளை நானே உடைத்து, காற்றுப் புகும் பூக்கல் வைப்பேன். அதன் ஓரமாய்க் கிளுவைத் தடியும் ஊன்றுவேன். ஆனால் திவசத்துக்கு ஒரு இலைதான் கிள்ளித் தருவேன், அக்கா. மற்றது கொடிக்கு வேண்டும். கொடி இளசாக இருக்கும்போது நீ எனக்குத் தந்ததும் ஒன்றுதானே.

உன் வேலியை மதிலாக்கக் கல் விற்ற,
உன் தம்பி