அக்கரைக்கு ஒரு லோடு கடல்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் நலம், லாரியும் நலம்.

இந்தத் தீவுக்கு வரும்போது சரக்கு கிடைக்கிறது, திரும்பும்போது வண்டி காலி. படகில் சரக்கு ஏற்றிய வண்டிகளைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். நேற்று அக்கரையில் எனக்கு ஒரு சிமெண்ட் லோடு காத்திருந்தது. தாமதித்தால் வேறு வண்டிக்குப் போய்விடும். காலி வண்டியென்றால் பின்பக்க ஸ்பிரிங் நிமிர்ந்து நின்று காட்டிக்கொடுக்குமே என்று, டிரம்களில் கடல் தண்ணீரை நிரப்பி, தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். படித்த மூளை.

படகுத்துறைக்காரர் ஒரு டிரம்மைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "ஏன் தம்பி, அந்தப் பக்கம் கடல் தீர்ந்துபோச்சா?" வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். வண்டியைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார். லோடு போயிற்று. சொந்த வண்டி என்றால் இப்படித்தான். விற்கச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள்.

அம்மாவிடம் பெரிய ஃபிளாஸ்க் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். டம்ளர் இரண்டாக இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது யாராவது பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் கொடுக்கலாம்.

முன்னால் வண்டி நகர்கிறது, ஹார்ன் அடிக்கிறார்கள்.

உங்கள் மகன்