ஆஷ்லினுக்கு ஒன்றரைக் கிலோ கூடியது

சிவகாசி,
9.11.2025

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

அம்மா எழுதுறது. ஆண்டவர் கிருபையிலே இங்கன நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், அங்கன மஸ்கட்டிலே நீயும் உன்கூடத் தங்கியிருக்கிற நர்ஸ் பிள்ளைகளும் அதே மாதிரி இருக்கணும்னு தினமும் ஜெபிக்கேன். நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துச் செழியன் சார் தன் மகனைப் பாக்க வியாழக்கிழமை அங்கன வாறாரு, அவர்கிட்ட ரெண்டு கிலோ சாத்தூர் சேவும் இந்தக் கடிதாசியும் குடுத்து விடுறேன். போனிலே சொன்னா உன் தங்கச்சி ஆஷ்லின் பக்கத்திலே நின்னுக்கிட்டு அப்படியில்ல இப்படின்னு திருத்துவா, உங்க அப்பா நடுவிலே புகுந்து பேச்சையே மாத்திருவாக, அதான் எழுதுறேன். தீபாவளி முடிஞ்சு பட்டாசு கம்பெனி வேன் சத்தம் இல்லாம ஊரே அசந்து கிடக்கு, அப்பாவுக்கு மட்டும் காலண்டர் சீசன், பிரஸ்ஸிலே ஆர்டர் குவிஞ்சு கிடக்கு.

விசயம் என்னன்னா, ஜூலை மாசம் ஆஷ்லின் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலேஜிலே இருந்து ஆராய்ச்சி பண்றவுக வந்தாக. பிளஸ் ஒன் பிள்ளைகளை எல்லாம் வெறுங்காலோட ஒரு மிசின்மேல ஏத்தி, கையிலே ரெண்டு பிடியைக் குடுத்து, உடம்பிலே கொழுப்பு எம்புட்டு, தசை எம்புட்டுன்னு ஒரு தாளிலே அச்சடிச்சுக் குடுத்தாக. எத்தனை மணிக்குத் தூங்குறே, என்ன விளையாடுறேன்னும் கேட்டு எழுதிக்கிட்டாக. நம்ம ஆஷ்லின் நாப்பத்தி நாலு கிலோ, கொழுப்பு முப்பத்தி ஒரு சதவீதம். அவ வகுப்பிலே கீர்த்திகான்னு ஒரு பிள்ளை, விளையாட்டுப் போட்டியிலே இரும்புக் குண்டு எறியிறவ, அறுபத்தி மூணு கிலோ, அவளுக்கு இருபத்தி ஏழுதான். அவ அப்பா விருதுநகர் மண்டிக்கு மிளகாய் வத்தல் லோடு ஏத்துறவரு, அதை வச்சு ஆஷ்லினும் அவ கூட்டாளிகளும் அந்தப் பிள்ளைக்கு லோடு லாரின்னு பேரு வச்சிருந்தாளுக. லாரியைவிடத் தனக்குக் கொழுப்பு கூடன்னதும் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரே அழுகை. உங்க அப்பா தாளைத் தலைகீழாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இந்தக் குச்சி உடம்பிலே எங்கன போயி ஒளிஞ்சிருக்கு, மிசின்தான் ரிப்பேருன்னாக. மறுநாள் பிரஸ்ஸிலே பேப்பர் பண்டில் நிறுக்கிற எடை மிசின்லே தானே ஏறி நின்னு, தான் மூணரை பண்டிலுன்னு வந்து சொன்னாக.

நான் ஆஷ்லின் பள்ளிக்கூடத்துக்குப் போயி, ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பொண்ணுகிட்டயே கேட்டேன். எடை ஒண்ணு, அந்த எடைக்குள்ள என்ன இருக்குங்கிறது வேற ஒண்ணும்மா, உங்க பிள்ளை அஞ்சு மணி நேரம்தான் தூங்குது, பள்ளிக்கூடம் விட்டு வந்தா உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கிறதில்ல, அப்புறம் தசை எங்கிட்டிருந்து வரும், தூக்கம் கெட்டா பசியும் தாறுமாறாத்தான் இருக்கும்னு பொறுமையாச் சொல்லுச்சு. இதை வந்து அப்பாகிட்ட சொன்னதுதான் நான் பண்ண தப்பு. அன்னைக்கே வீட்டிலே சட்டம் போட்டுட்டாக. ஒம்பதரைக்கு மூணு போனையும் பெரிய குக்கருக்குள்ள போட்டு மூடிரணும், அஞ்சரைக்கு எல்லாரும் நடக்கப் போகணும். அஞ்சரைக்கு எழுப்ப அவுக வச்ச அலாரம் அவுக போனிலேதான், அதுவும் குக்கருக்குள்ளேதான். விடிகாலையிலே குக்கர் ஜெபப் பாட்டுப் பாடுது, மூடி இறுகிப்போயித் திறக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்கா கதவைத் தட்டி, உங்க வீட்டிலே விசேஷ ஜெபமா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேன்னு மனத்தாங்கலாக் கேட்டாக.

நாங்க இப்படிக் கூத்தடிச்சிக்கிட்டு இருக்கையிலே ஆஷ்லின் வேற வழியிலே போயிட்டா. கொழுப்புங்கிற ஒரு சொல்லை மட்டும் பிடிச்சுக்கிட்டுச் சோத்தை விட்டுட்டா. டிபன் பாக்ஸைப் பூராவும் கூட்டாளிக்குக் குடுத்துட்டுக் காலி டப்பாவைக் கழுவிக் கொண்டு வந்திருக்கா, நானும் பிள்ளை நல்லாச் சாப்பிடுதேன்னு சந்தோசப்பட்டேன். ஒம்பதாம் நாள் பள்ளிக்கூடத்துக் காலை ஜெபத்திலே நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. டீச்சர்க தண்ணி தண்ணின்னு ஓடுறதுக்குள்ள கீர்த்திகா வந்து, இவளைத் தூக்கித் தோளிலே போட்டு, மாடி ஏறி, ஆபீஸ் ரூம் பெஞ்சிலே கிடத்திட்டு, வகுப்புக்குப் போயிட்டா. எனக்குப் போன் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பிட்டேன் பெர்சிஸ். ஆட்டோவிலே போற வழியெல்லாம் என்ன ஜெபிச்சேன்னு எனக்கே தெரியலை.

ரெண்டு நாள் கழிச்சு ஆஷ்லின் தானாவே கீர்த்திகா வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டிருக்கா. அந்தப் பிள்ளை, லோடு ஏத்துனா இறக்கித்தானே ஆகணும், மன்னிப்பெல்லாம் நீயே வச்சுக்கோ, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிரவுண்டுக்கு வா, வாறப்ப ரெண்டு முட்டை தின்னுட்டு வான்னுச்சாம். முதல் நாள் இவ எறிஞ்ச குண்டு இவ கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சாம். தொட்ட எடமெல்லாம் வலின்னு வந்தவ எட்டரைக்கே கட்டையாட்டம் தூங்கிட்டா, குக்கருக்கு வேலையே இல்லாமப் போச்சு. மூணு மாசம் ஆச்சு, இன்னும் விடலை. போன வாரம் மறுபடியும் மிசின் வந்துச்சு. எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கு, கொழுப்பு மூணு சதவீதம் குறைஞ்சிருக்கு. கூடினதுக்கு எதுக்குடி சிரிக்கிறேன்னு அப்பா முழிச்சாக. தசைப்பான்னுட்டு அவுகளை இடுப்பைப் பிடிச்சு ஒரு தூக்குத் தூக்கிட்டா. மூணரை பண்டிலும் தரையை விட்டு அரை அடி மேல. இறக்கி விட்ட பிறகு அப்பா ரெண்டு நாளா யார்கிட்டயும் எடையைப் பத்திப் பேசலை.

இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் எழுதினேன், இனி எழுதுறதுதான் கஷ்டமா இருக்கு. கீர்த்திகா மாதிரி ஆயிராதே, சோத்தைக் குறைன்னு ஆஷ்லின்கிட்ட முதல்லே சொன்னது நான்தான். உனக்கும் சொன்னேன். நீ முதல்முதலா நற்கருணை எடுத்த திடப்படுத்தல் ஆராதனைக்குத் தைச்ச வெள்ளை ஜாக்கெட் இறுக்கமா இருக்குன்னு பத்து நாள் ராத்திரி உனக்குச் சோறு போடலை. பசிக்குதும்மான்னு ஒரு நாள் கேட்டே, தண்ணியைக் குடிச்சிட்டுப் படுன்னேன். நீயும் குடிச்சிட்டுப் படுத்தே. பதினோரு வருசமா அதை நான் நினைச்சே பாக்கலை, ஆபீஸ் ரூம் பெஞ்சிலே இவ கிடந்ததைப் பாத்தப்பதான் நினைப்பு வந்துச்சு. அம்மா செஞ்சது தப்பு. வீடியோவிலே பேசுறப்ப நீ முகத்தை மட்டும் காட்டுறே, தள்ளி நில்லுன்னா சிக்னல் இல்லைங்கிறே. இனிமே போனை ஜன்னல்லே சாய்ச்சு வச்சிட்டு நாலடி தள்ளி முழுசா நில்லு. குண்டாயிட்டியா மெலிஞ்சிட்டியான்னு பாக்க மாட்டேன், என் பிள்ளையைத்தான் பாக்கணும்.

நைட் டூட்டி முடிஞ்சு வந்தா வயிறாரச் சாப்பிட்டுட்டு, ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு மறைச்சிட்டுத் தூங்கு. சேவை ஒளிச்சு வைக்காம எல்லாருக்கும் குடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல நித்திரையும் நல்ல பசியும் தரட்டும். செழியன் சார் பதினைஞ்சு நாளிலே திரும்புறாரு, அவர்கிட்ட உன் ஜாக்கெட் அளவு குடுத்து விடு, கிறிஸ்துமஸுக்குத் தாராளமாத் தைக்கச் சொல்றேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஞானதீபம் சத்தியநாதன்